அண்ணன் முகம் மங்கலாக விழுந்த படம்

"என்னைய விடு" என்று அன்று சொன்னபோது, தம் நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று அண்ணனுக்குத் தெரிந்திருந்ததா? அவர் மறைந்து ஓராண்டாகியும் எனக்கு விடை கிடைக்கவில்லை.

அண்ணன் பிறந்தது மாட்டுங்கா லேபர் கேம்ப் என்னும் தொழிலாளர் குடியிருப்பில். அப்பா காலமானதும் கல்லூரியை விட்டுவிட்டு, மாஹிமில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் விளக்குப் பிடிக்கச் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்து, மணமுடித்துச் செம்பூருக்கு அனுப்பிய பிறகே தமக்கென்று ஒரு பிரைம் லென்ஸ் வாங்கினார். அதில் ஜூம் கிடையாது; நெருங்க வேண்டுமென்றால் அவர்தான் நடக்க வேண்டும். ஆனால் அதன் துவாரத்தை முழுதாகத் திறந்தால், எங்கள் ஒற்றை அறை வீடுகளின் அரை வெளிச்சமே போதும். கண்கள் துல்லியமாக நிற்கும். பின்னாலிருக்கும் சிலிண்டர், கொடித்துணி, காரை உதிர்ந்த சுவர் எல்லாம், சில நேரம் காதுகூட, மங்கிக் கரைந்துவிடும். வரன் பார்க்க ஊருக்கு அனுப்பும் படங்களை அப்படித்தான் எடுத்தார். எந்தப் பெண்ணின் வீட்டு வறுமையும் அவர் படத்தில் தெரிந்ததில்லை.

பக்கத்து வீட்டு அத்தை தம் மகள் படத்தைப் பார்த்துவிட்டு, "யய்யா, காதக் காணுமே. செவிட்டுப் பிள்ளைன்னு நெனச்சிரப் போறாவ" என்றார்.

"கூப்புட்டுப் பாக்கச் சொல்லுங்க அத்தை, திரும்புவா" என்றார் அண்ணன். அந்தப் படத்திலேயே வரன் அமைந்தது.

மறைவதற்குச் சில வாரங்கள் முன்பு எங்கள் வீட்டுக்கு வந்தவர், என் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேமராவை என்னிடம் தந்தார். துவாரத்தைக் கொஞ்சம் சுருக்கினால் இருவர் முகமும் தெளிவாக விழுமே என்று கேட்டேன்.

"வேண்டாம்ட்டி. பிள்ளை கண்ணுல ஃபோகஸ் வை. என்னைய விடு."

மகளின் இமை முடிகூடத் தெளிவாக விழுந்தது. பின்னால் அண்ணன் சிரிப்பது தெரிகிறது, முகம் தெளிவில்லை. எல்லோரையும் படம் எடுத்தவரை வேறு யாரும் எடுத்ததில்லை. மிஞ்சியது ஆதார் அட்டைப் படம். அதில் அவர் அவராகவே இல்லை.

சித்தப்பா மங்கல் படத்தைக் கடையில் கொடுத்து, கம்ப்யூட்டரில் தெளிவாக்கிக் கொண்டுவந்தார். கண்ணும் பல்லும் பளிச்சென்று இருந்தன. அவை அண்ணனுடையவை அல்ல. அம்மாவோ, "மங்கலா இருந்தா என்ன, சிரிக்கான்லா" என்கிறார். எதை வைப்பதென்று என்னால் முடிவெடுக்க இயலவில்லை. இந்த நினைவு மலரின் முதல் பக்கத்தில் அண்ணன் படத்துக்குப் பதில் விளக்குச் சித்திரம் இருப்பது அதனால்தான்.

சயான் மருத்துவமனையில் முறைவைத்துத் துணையிருந்த அண்டை வீட்டாருக்கும், ரத்தம் தந்த நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. உங்களிடம் இன்னொன்றும் கேட்கிறேன். மங்கல் படம், தெளிவாக்கிய படம் இரண்டையும் இன்றைய நினைவு நாளில் அம்மாவின் அருகே வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்: என் மகள் எந்த முகத்தை மாமா என்று அறிந்து வளரட்டும்?