கோவேறு என்று நாங்கள் அழைத்தவர்

வியாழன் காலை, பழைய ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி வந்தது: "கோவேறு சார் தவறிட்டார்." தரணேந்திரன் என்ற அவருடைய சொந்தப் பெயர் குழுவில் பாதிப் பேருக்குத் தெரியாது. அந்தப் பட்டப்பெயரை வைத்தவன் நான்.

கீழ்பென்னாத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் அவர் தமிழாசிரியர், நான் கணக்கு. அவருடைய தந்தை சமணர், தாய் பக்கத்து ஊர் இந்துக் குடும்பம். திருமணத்தோடு இரு வீட்டாரும் அவர்களை ஒதுக்கிவிட்டார்கள். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அவரே இதைச் சொன்னார்.

"அப்ப நீங்க கோவேறு கழுதைன்னு சொல்லுங்க" என்றேன். அறையே சிரித்தது. அவரும் சிரித்தார்.

ஒரே வாரத்தில் யாரோ அதை வகுப்புக் கரும்பலகையில் எழுதிவிட்டார்கள். அவர் அழிக்கவில்லை, அதையே பாடமாக எடுத்தார். பக்கத்து வகுப்பறையில் இருந்த எனக்குக் கேட்டது.

"ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பொறக்கறது. பழைய பேரு வேசரி, அத்திரினும் சொல்வாங்க. கோன்னா ராஜா. ராஜா ஏறிப் போறதுக்குத் தகுந்த கழுதை, அதனால கோவேறு. மரியாதையான பேருதான்."

"அப்போ உங்க மேல யார் சார் ஏறுனது?" என்றது கடைசி பெஞ்சு. நானும் சிரித்தேன்.

ஆண்டு விழாவுக்கு அவர் தம் துணைவியார் மல்லிகா அவர்களை அழைத்து வந்தார். மணமாகி ஒன்பது ஆண்டுகள். குழந்தைகள் எத்தனை என்று யாரோ கேட்டார்கள். அந்த அம்மையாரின் எதிரிலேயே சொன்னேன்: "கோவேறு கழுதை எங்கங்க குட்டி போடும்?"

மறுநாள் வண்டி நிறுத்தும் இடத்தில் அவர் என்னிடம் வந்தார். குரல் உயரவில்லை.

"அந்த வார்த்தைக்கு இருக்கற எல்லாத்தையும் பசங்களுக்குச் சொன்னேன். மலடுன்றத மட்டும் சொல்லாம வுட்டேன். நீங்க அத சொல்லிட்டீங்க சார்."

"தமாஷ்தாங்க" என்றேன். அந்த மாதமே அவர் வேலையை விட்டார். வேங்கிக்காலில் வீட்டோடு டியூஷன் எடுத்தார். என் வீட்டிலிருந்து பத்து நிமிடப் பயணம்தான். ஒருமுறையும் நான் போனதில்லை.

வியாழன் மதியம் மாலையோடு போனேன். இரு வீட்டுச் சொந்தத்திலும் ஒருவர்கூட வரவில்லை. அவரிடம் படித்தவர்களே தூக்க நின்றார்கள். மல்லிகா அவர்கள் என்னை அடையாளம் கண்டு வாசலிலேயே தடுத்தார்.

"உள்ள வராதீங்க. அவரு முகத்த நீங்க பாக்க வேணாம்."

மாலையை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. அவரை ஏற்றிய வண்டி புறப்பட்டபோது கும்பிட முயன்றேன். இரு கையிலும் மாலை இருந்ததால் கைகள் சேரவில்லை.

போய் வாருங்கள், ஐயா.