தண்ணீர் முறைக்கு எழுதிய ‘ஃபேர் ஷேர்’

எனக்கு எண்பத்து மூன்று வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். பெற்றது நாலு, செத்துப்போன கொழுந்தனுடையது இரண்டு. கையெழுத்துப் போடுவேன், எழுத்துக்கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான். ஆனாலும் ‘ஃபேர் ஷேர்’ என்ற இங்கிலீஷ் வார்த்தையை எங்கே எழுதவேண்டும் என்று படித்தவர்களுக்கே சொல்லித்தந்திருக்கிறேன்.

கழக ஆட்சி வந்து, குத்தகைக்காரர்கள் பெயரைப் பதிவேட்டில் ஏற்றிய சமயம். கீழ்வேளூர் பக்கம் எங்களுக்கு மூன்று மா, கிட்டத்தட்ட ஒரு ஏக்கர், குத்தகை நிலம், வாய்க்காலின் கடைமடையில். மேலே மிராசுதார் நிலம். எங்கள் பெயர் ஏறியதும் அவர் தண்ணீரில் கை வைத்தார். தகராறு முற்றி, ராஜி பேசி, அவருடைய கணக்குப்பிள்ளை ஒப்பந்தம் எழுதினார்: ‘எல்லோருக்கும் ஃபேர் ஷேர் தண்ணீர் விடப்படும்.’ முத்து முத்தான கையெழுத்து. நம்பிக் கையெழுத்துப் போட்டோம். மிராசுதார் தன் வயலெல்லாம் தளும்பிய பிறகு மிச்சத்தைத் திறந்துவிட்டு, “இதாம்மா ஒங்க ஷேர்” என்றார். என் நாற்றில் பாதி கருகியது.

மறு வருஷமும் அதே காகிதம். தேதி மட்டும் புதுசு. நாற்று பறிக்கும் பருவம், நடவேண்டிய வயலோ வெடித்துக் கிடந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் தாசில்தார் விசாரணைக்கு வரமாட்டார் என்பதால் மிராசுதாருக்கும் அவசரம்.

“ஃபேர் ஷேர்னா எத்தனை நாளு?” என்று கேட்டேன்.

கணக்குப்பிள்ளை சிரித்தார். “நாளெல்லாம் எதுக்கும்மா? நியாயமான பங்குன்னு அர்த்தம். இங்கிலீஷ்ல போட்டா கோர்ட்டுலயே நிக்கும்.”

“கோர்ட்டுல நிக்கும், சரி. வயல்ல நிக்குமா?”

குத்தகைக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். மிராசுதாருக்கு முகம் சுண்டியது. “பொம்பள வந்து சட்டம் பேசுறா.”

“சட்டம் இல்லீங்க, நாளுதான் கேக்குறேன். ஒங்களுக்கு எத்தனை, எங்களுக்கு எத்தனை, மடைய யாரு அடைக்கிறது? எழுதுங்க, போடுறேன்.”

மற்றவர்களும் பேனாவைத் தொடவில்லை. மிராசுதார் தரப்பு மத்தியானம் வரை முறைத்துவிட்டு எழுதினார்கள்: மேலே நாலு நாள், கடைமடைக்கு மூன்று நாள், முதல் முறை கடைமடைக்கு, மடையடைக்க இரு தரப்பு ஆளும் இருக்கவேண்டும்.

“அப்ப அந்த இங்கிலீஷை அடிச்சுடவா?” என்றார் கணக்குப்பிள்ளை, குத்தலாக.

“ஏன்? அடியில போடுங்க, ‘இதுவே ஃபேர் ஷேர்’னு. இப்பத்தான் அதுக்கு வேலை.”

மறுநாள் காலை தண்ணீர் வந்தது. மூன்று மாவும் நட்டோம்.

இன்றைக்கும் எந்தக் காகிதத்திலாவது நியாயம் என்ற வார்த்தை முதல் வரியிலேயே மினுக்கினால், எழுதியவன் எதையோ ஒளிக்கிறான் என்றுதான் நினைப்பேன். விவரம் முழுக்க எழுதிவிட்டுக் கடைசியில் போடுங்கள். அங்கேதான் அதற்கு மரியாதை.

கயலு, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினவரைக்கும் வாசி பாப்போம். நான் சொல்லாதது ஒண்ணு சேத்திருந்தாலும் அங்கயே நிறுத்துவேன்.