அக்காவுக்கு அகலமானது, எனக்கு மெல்லியது

ஹனோவரில், கண் கிளினிக்கிலிருந்து இரண்டு கட்டிடம் தள்ளி ஒரு சீனக்கடை இருக்கிறது. மொத்தம் ஆறு மேசை. வாசலில் நின்றாலே உள்ளே மாவை ஓங்கி அடிக்கிற சத்தம் கேட்கும். இரண்டு வருசத்துக்குப் பிறகு என் அக்கா என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டது அங்கேதான். அதனால் அந்தக் கடையை யாராவது குறை சொன்னால் நான் சண்டைக்குப் போய்விடுவேன்.

என் மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்திய வீட்டுக்கு அக்காவை நான் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். எங்கள் சனங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: நெருங்கிய சொந்தத்தை வீடு தேடிப் போய், அழைப்பிதழைக் கையில் கொடுத்துக் கூப்பிட வேண்டும். மண்டபம், சமையல்காரர், வீடியோக்காரர் என்று பம்பரமாய்ச் சுற்றிய நான், தூரத்துச் சொந்தங்களின் வீட்டுக்கெல்லாம் காரில் போய்க் கார்டு கொடுத்தேன். பத்து நிமிசத் தூரத்தில் இருக்கிற அக்காவுக்கு மட்டும் அதைப் படம் எடுத்து அனுப்பினேன். அக்காவும் எங்கள் வீட்டு ஆள்தானே, அவளுக்கு என்ன அழைப்பு என்று நினைத்தேன். சத்தியமாக அன்பில்தான் அப்படி நினைத்தேன்.

அக்கா வந்தாள். வரிசையில் நின்று, மகளின் கையில் என்வலப்பைக் கொடுத்து, படத்துக்கும் நின்றுவிட்டு, சாப்பிடாமல் போனாள். அதன் பிறகு என் வீட்டில் அவள் கை நனைக்கவே இல்லை. பேச்சை நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. பிறந்தநாளுக்கு ஒழுங்காக வருவாள், கேக்கைத் தொடமாட்டாள், தண்ணீரைக்கூடத் தன் கைப்பையில் கொண்டுவருவாள். நானும் லேசுப்பட்டவள் இல்லை. விருப்பமென்றால் சாப்பிடட்டும் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். ஆனால் அக்கா குடிக்காத தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவுகிற ஒவ்வொரு முறையும் எனக்கு அழுகை வரும்.

போன வருசம் அக்காவின் இரண்டு கண்ணிலும் புரை என்றார்கள். அத்தானுக்குக் காலை வேலை, மகன் டிரெஸ்டனில் படிக்கிறான். அக்கா எனக்குப் போன் எடுத்தாள். ஏதோ கந்தோர் அதிகாரியோடு பேசுகிற குரல்.

"கூட ஒரு ஆள் வராட்டி ஒப்பரேஷன் செய்யமாட்டினமாம். உனக்கு ஏலுமோ, ஏலாதோ?"

"ஏலும்" என்றேன். அன்றைக்கே லீவு போட்டேன்.

ஒரு கண்ணில் வெள்ளைக் கட்டோடு அக்கா வெளியே வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. காலையிலிருந்து பட்டினி. வீட்டில் சோறும் மீன்குழம்பும் இருந்தன. கூப்பிட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்ததால் வாயை மூடிக்கொண்டு நடந்தேன். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

"என்ன அது, ஆரோ ரொட்டிக்கு மா அடிக்கினமோ?" என்று அக்கா நின்றாள்.

கடை யாருடைய வீடும் இல்லை. அதனால் உள்ளே வந்தாள்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு மனுசன் மா உருண்டையை இரண்டு கையாலும் இழுத்தார், மடித்தார், திரும்ப இழுத்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நூல் நூலாகப் பிரிந்து கொதிதண்ணீருக்குள் போனது. அவருடைய மனைவிதான் மேசைகளைப் பார்க்கிறவள். நூடுல்ஸ் அகலமானதா, மெல்லியதா என்று விரலை விரித்தும் நெருக்கியும் கேட்டாள். அவளுடைய ஜெர்மனும் எங்களுடைய ஜெர்மனும் ஆளுக்கொரு பக்கமாக நொண்டின.

"சூப்பில மாடு கிடக்கோ எண்டு கேள்" என்று அக்கா என் முழங்கையில் இடித்தாள்.

கேட்டேன். கடைக்காரி இரண்டு முழங்கையையும் மடக்கிச் சிறகு அடித்து, கோழி மாதிரிக் கொக்கரித்துக் காட்டினாள். கோழிச் சூப்பும் இருக்கிறதாம். அக்கா சிரித்துவிட்டாள். கட்டுக்குள் இருக்கிற கண் வலிக்கும் என்று கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு அந்தக் கடைக்காரியைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல் இருந்தது.

கிண்ணங்கள் வந்தன. அக்காவுக்கு அகலமானது, எனக்கு மெல்லியது. எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை. முன்னால் இருக்கிறவருக்குக் கண் தெரியாவிட்டால் என் கை தானாகவே சாப்பாட்டை வெட்டத் தொடங்கிவிடும். முள்ளுக்கரண்டியை எடுத்து அக்காவின் நூடுல்ஸில் வைத்தேன். இரண்டு பக்கத்திலிருந்தும் ஏச்சு விழுந்தது.

"நைன், நைன்!" என்று ஜெர்மனில் மறித்துக்கொண்டு கடைக்காரி ஓடிவந்தாள். வெட்டக்கூடாதாம். நீளம் இருந்தால்தான் ஆயுசும் நீளமாம். தலைக்கு மேலே கையைத் தூக்கிக் காட்டினாள்.

"நான் என்ன கிழவியோ?" என்றாள் அக்கா.

பிறகு குனிந்து, கிண்ணத்துக்குள் முகத்தைக் கொண்டுபோய், உறிஞ்சத் தொடங்கினாள். சின்ன வயதில் நான் சத்தம் போட்டுச் சாப்பிட்டால் குட்டுகிறவள் அவள்தான். ஒரு நூடுல்ஸின் வால் துள்ளிக் கன்னத்தில் சூப்பைத் தெறிக்கவிட்டது. எட்டித் துடைத்துவிட்டேன். தட்டிவிடாமல் முகத்தைக் காட்டினாள். மா நல்லாய் ஊறியிருக்கு, உப்புக் காணாது, மிளகாய் எண்ணெயில் கொஞ்சம் பூண்டு கூடிப்போச்சு என்று தீர்ப்பு மேல் தீர்ப்பாகச் சொன்னாள். இரண்டு வருசப் பேச்சு முழுவதையும் மாவைப் பற்றியே பேசித் தீர்த்தாள். காரில் ஏறியதும் திரும்பவும் வாயைப் பூட்டிக்கொண்டாள்.

எனக்கு விசயம் பிடிபட்டது. அந்த ஆறு மேசைக்குள் மட்டும்தான் அவள் என் அக்கா. அதற்குப் பிறகு, கட்டு அவிழ்க்க, கண் சோதிக்க, மற்றக் கண்ணுக்கு ஒப்பரேஷன் செய்ய என்று ஒவ்வொரு முறையும் நான்தான் கூட்டிப் போனேன். ஒவ்வொரு முறையும் "பசிக்குது அக்கா" என்றேன். வைத்தியர் அடுத்த மாதம் வாருங்கள் என்று சொன்னால், ஏன் அடுத்த கிழமை வரச் சொல்லவில்லை என்று அவரோடு எனக்குக் கோபம். அக்கா தன் கிண்ணத்திலிருந்து கோழித் துண்டுகளைப் பொறுக்கி என் கிண்ணத்தில் போடுவாள். நான் கண்டும் காணாத மாதிரிச் சாப்பிடுவேன்.

மற்றக் கண்ணின் கட்டையும் அவிழ்த்த நாள், அதே கடையில், அக்கா என்னை வெகுநேரம் பார்த்தாள்.

"உனக்கு எப்பயடி இவ்வளவு நரை வந்தது?"

"நீங்கள் பாக்காத நேரத்திலதான்."

இனி அடிக்கடி வரத் தேவையில்லை என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அதை நினைத்ததும் பயம் வந்துவிட்டது. நூடுல்ஸை அப்படியே விட்டுவிட்டு, "அக்கா, ஞாயிற்றுக்கிழமை வீட்டை சாப்பிட வாங்கோ" என்றேன்.

அக்கா குச்சிகளைக் கீழே வைத்தாள். "அண்டைக்குப் போனில கூப்பிட்டாய். இண்டைக்குக் கடையில வச்சுக் கூப்பிடுறாய்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என்ர அக்காவைக் கூப்பிட நான் கார்டு அடிக்கவேணுமோ? சொந்தம் எண்டுதானே அப்பிடிச் செய்தனான்!"

"சொந்தம் எண்டபடியால்தான் நானும் பாத்துக்கொண்டு இருந்தனான்" என்றாள். குரல் உயரவில்லை. "நீ எல்லாருக்கும் கார்டு குடுக்கிறாய் எண்டு கேள்விப்பட்டன். அந்தக் கிழமை முழுக்க, வேலையால வந்து நல்ல சீலை உடுத்துக்கொண்டு இருந்தனான். நீ வந்தால் தர எண்டு பயத்தம் பணியாரம் சுட்டு வச்சனான். சனிக்கிழமை போனில படம் வந்தது. பணியாரத்தை அத்தான் வேலைக்குக் கொண்டுபோய்க் குடுத்திட்டார்."

இரண்டு வருசமாக அவளுக்குத் தலைக்கனம் என்று நினைத்திருந்தேன். அவள் சீலை உடுத்துக்கொண்டு கதவைப் பார்த்திருந்தது எனக்குத் தெரியாது. மேசையிலேயே அழுதேன். மிளகாய் எண்ணெய்தான் வேலை காட்டுகிறது என்று நினைத்த கடைக்காரி, ஒரு கட்டு டிஷ்யூவும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள். அக்கா அதில் ஒன்றை எடுத்து எனக்கு நீட்டினாள்.

வழக்கமாக அக்காவைத் தெருவில் இறக்கிவிட்டுப் போய்விடுவேன். அன்றைக்குக் காரை நிறுத்திவிட்டு அவள் பின்னால் மூன்று மாடி ஏறினேன். அவள் கதவைத் திறந்து உள்ளே போனாள். நான் வெளியில் நின்று கதவைச் சாத்திவிட்டு மணியை அடித்தேன்.

அக்கா கதவைத் திறந்தாள். "என்ன?"

"உங்களைக் கூப்பிட வந்தனான் அக்கா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அத்தானையும் கூட்டிக்கொண்டு கட்டாயம் வரவேணும்."

புதுக் கண் இரண்டாலும் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கூப்பிட வந்தவள் வாசலோடயோ போறது? ரெண்டு வருசமா நீயும்தான் இஞ்ச ஒரு வாய் தண்ணி குடிக்கேல்லை."

உண்மைதான். வந்த நேரமெல்லாம் வாசலில் நின்று சாமானைக் கொடுத்துவிட்டு ஓடியிருக்கிறேன். அவள் என் வீட்டில் சாப்பிடாததுதான் எனக்குத் தெரிந்தது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

குசினியில் அக்கா கேத்திலை வைத்தாள், கோப்பையை எடுத்தாள், சீனிப் போத்தலைத் திறந்தாள். கரண்டியோடு அப்படியே நின்றாள். பிறகு, என் பக்கம் திரும்பாமல், "எத்தினை கரண்டி போடுறனி?" என்று கேட்டாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தவள், முதல் தடவையாகக் கேட்டாள்.