இடது பக்கத்து நட்டுகள்

ஜீப்புக்குப் பெரிய டயர் போடப் போகிறேன் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லப்போவது எதிலும் எனக்கு நல்ல பேர் கிடையாது.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் நிற்கும் வாடகை ஜீப்புகளில் எங்களுடையதும் ஒன்று. மலைக்கிராமங்களுக்குப் போகும் மண்பாதையில் ஆட்களையும் ஆரஞ்சுக் கூடைகளையும் காப்பி மூட்டைகளையும் ஏற்றி இறக்குவது எங்கள் பிழைப்பு. மழை பிடித்துவிட்டால் அந்தப் பாதையில் சக்கரத் தடம் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளமாகிவிடும். நடுவில் நிற்கும் மேட்டில் ஜீப்பின் வயிறு தட்டி, முன்னும் போகாது, பின்னும் வராது. ஏறியவர்கள் எல்லாரும் இறங்கிச் சேற்றில் நின்று தள்ள வேண்டும். அந்த வருஷம் வேறொருவர் வாங்கியிருந்த ஜீப், உயரமான டயர்களோடு அதே பாதையில் நிற்காமல் ஏறிப் போனது. எங்கள் ஜீப்பில் வழக்கமாக ஏறுகிறவர்கள் இரண்டு பேர் அதில் கையாட்டிக்கொண்டே போனார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று வீட்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

சேலத்தில் பழைய மிலிட்டரி சாமான் விற்கும் இடத்திலிருந்து நாலு டயர் கொண்டுவந்தார். மாட்டியதும் ஜீப் நாலு விரல்கடை உயர்ந்தது. அவரும் அந்த அளவுக்கு உயர்ந்துவிட்டது போலத்தான் நடந்தார். மறுநாளே கோளாறு தெரிந்தது. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் டயர் உள்பக்கம் ஸ்பிரிங் பட்டையில் உரசியது. அடிவாரம் போகும் வழியில் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பாதி திரும்பி, நின்று, பின்னால் வந்து, மறுபடி திரும்ப வேண்டியதாயிற்று. பின்னால் வந்த பஸ்ஸில் தலைகள் எல்லாம் ஜன்னலுக்கு வெளியே நீண்டன. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அன்று சாயங்காலம் ஒண்டிக்கடையில், மற்ற டிரைவர்கள் காதுபட, "சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கிட்டீங்க" என்றேன். அவர்கள் சிரித்தார்கள்.

அதன் பிறகு பத்து நாள் அவர் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. சண்டையில் இருக்கும் புருஷன் பெண்டாட்டி எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். சோறு வைத்திருக்கிறது என்று நான் சுவரிடம் சொல்வேன். சீமெண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அவர் கூரையிடம் சொல்வார். அப்போது எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, தூது போகவும் ஆளில்லை.

அந்தப் பத்து நாளுக்குள்தான் அவர் சேலத்தில் ஒரு லேத் பட்டறைக்குப் போய் நாலு இரும்பு வளையம் கடைந்து வாங்கி வந்தார். இரண்டு விரல் கனம் இருக்கும். சக்கரம் உட்காரும் இடத்தில் முதலில் வளையத்தைப் பூட்டி, வளையத்திலேயே இருக்கும் போல்ட்டுகளில் சக்கரத்தை மாட்ட வேண்டும். சக்கரம் வெளியே தள்ளி நிற்கும், டயர் உரசாது. வளைவுகளில் ஜீப் மறுபடி ஒரே மூச்சில் திரும்பியது. இதெல்லாம் நான் அடுப்படியிலிருந்து பார்த்தும், பிறர் சொல்லிக் கேட்டும் தெரிந்துகொண்டது. நான் அவரைக் கேட்கவில்லை, அவர் எனக்குச் சொல்லவில்லை.

வளையம் போட்ட பிறகு தினமும் காலையில் புறப்படுமுன் சக்கர நட்டுகளை முடுக்கினார். ஜீப்பை வேலியை ஒட்டி நிறுத்துவது வழக்கம் என்பதால் வேலிப் பக்கம் இருக்கும் இடது சக்கரங்கள் என் கண்ணில் படாது. இரும்பு முனகும் சத்தம் மட்டும் கேட்கும்.

நட்டு முடுக்க எனக்கும் தெரியும். கல்யாணமான புதிதில் வழியில் பஞ்சரானபோது அவர் சொல்லித் தந்தது. அந்த ஜீப்பில் வலது பக்கச் சக்கரங்களுக்குச் சாதாரண மரை, இடது பக்கத்துக்கு எதிர்மரை, அதாவது எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் இறுகும். ஓட்டத்தில் நட்டு தானாகக் கழன்றுவிடாமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள் என்றார். வலது சக்கரமென்றால் ஸ்பேனரின் கைப்பிடி வலப்பக்கம் நீட்டியிருக்க வேண்டும், அதன் மேல் காலை வைத்து ஒரு மிதி. இடது சக்கரமென்றால் கைப்பிடி இடப்பக்கம், ஒரு மிதி. ஒருமுறை கற்றதை நான் மறக்கிறவள் இல்லை.

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை, சந்தை நாள். கிராமத்துக்குப் போய் ஆட்களை ஏற்றி வர வேண்டும். அவர் குளித்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க எனக்கு எப்போதும் வாய் வராது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய் நாலு சக்கரத்தையும் நானே முடுக்கினேன். வலது பக்கத்து நட்டுகள் அசையவே இல்லை. இடது பக்கத்தில், கைப்பிடியை இடப்பக்கம் நீட்டி மிதித்தபோது, ஒவ்வொரு நட்டும் முனகிக்கொண்டு அரைச் சுற்று நகர்ந்து கொடுத்தது. இவ்வளவு லூசாகவா ஓட்டிக்கொண்டிருந்தார் என்று நினைத்தேன். நல்லவேளை நான் பார்த்தேன் என்று பெருமையாகக்கூட இருந்தது.

ஈரத் தலையோடு வந்தவர் குனிந்து ஸ்பேனரைத் தேடினார். "நாலு சக்கரமும் முடுக்கியாச்சு" என்று வேலியிடம் சொன்னேன்.

அவர் நிமிர்ந்தார். பத்து நாளுக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்து, "எல்லாத்தையுமா?" என்று கேட்டார்.

"எல்லாத்தையும்தானுங்க."

சிரித்துவிட்டார். வரும்போது சந்தையில் மீன் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். மெக்கானிக் முடுக்கிய நட்டையே தானும் ஒரு மிதி மிதித்துப் பார்க்கிற மனிதர் அவர். அன்று பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் மறுபடி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன் என்று அவருக்குத் தெரியும். அவர் பார்க்காமல் போனதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். மசாலை அப்போதே அரைத்து வைத்துவிட்டேன்.

கிராமத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பி வரும்போது, வழியில் இருக்கும் எஸ்டேட்டுக்குள் ஓர் இறக்கத்தில், பின்னால் இடது சக்கரம் கழன்று தனியாக உருண்டு காப்பிச் செடிகளுக்குள் போனது. ஜீப் அந்த மூலையில் உட்கார்ந்து, ஓரத்து மண்திட்டில் சாய்ந்தது. மெதுவாக வந்ததால் உயிருக்கு ஒன்றுமில்லை. பின்சீட்டு ஓரத்தில் வெளிக்கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த அம்மாளின் வலது கை மட்டும் கம்பிக்கும் திட்டிலிருந்த பாறைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிக்கிறவர். சேலம் பெரியாஸ்பத்திரியில் கையைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் விரல்கள் மடங்கவில்லை. மடங்காத விரலை வைத்துக்கொண்டு என்ன பழம் பறிப்பது?

போலீஸ் விசாரித்தது, கிராமத்திலிருந்து ஆட்கள் வந்து கேட்டார்கள். எல்லாரிடமும் அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார். "காலைல நட்டு முடுக்க மறந்துட்டேனுங்க. என் தப்புதான்."

நான் பின்னாலேயே நின்றிருந்தேன். எனக்கு அவர் மேல் ஆத்திரம்தான் வந்தது. நான் மிதித்து மிதித்து முடுக்கியிருக்கிறேன், இவர் ஏன் மறந்துவிட்டேன் என்கிறார்? வளையம் செய்தவனைச் சட்டையைப் பிடித்துக் கேட்காமல் பழியை ஏன் தலையில் போட்டுக்கொள்கிறார்? ஒரு வாரம் இப்படியே பொருமிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் வளையங்களைக் கழற்றிவிட்டுப் பழைய டயர்களையே மாட்ட உட்கார்ந்தார். இந்த முறை நான் பக்கத்திலேயே நின்றேன். முன்னால் இடது சக்கரம், அன்று நான் முடுக்கியவற்றில் ஒன்று. ஸ்பேனரைப் பொருத்தி, கைப்பிடியை இடப்பக்கம் நீட்டி, காலால் மிதித்தார்.

"ஏனுங்க, கழட்டறீங்களா, முடுக்கறீங்களா?" என்று கேட்டேன்.

நட்டு சுழன்று வந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. இரண்டாவதையும் அப்படியே கழற்றினார். அன்று நான் மிதித்ததும் இதே பக்கம்தான்.

"வளையத்துல எல்லாமே சாதா மரைதான் புள்ள" என்றார், சக்கரத்தைப் பார்த்தபடி. "எதிர்மரை வெட்ட பட்டறைல வசதியில்லீன்னுட்டாங்க. நாஞ் சொல்லியிருக்கோணும். சொல்லலை."

அந்த அம்மாளிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அழுதேன். "ஒரு ஊட்டுக்கு ஒரு கெட்ட பேரு போதும்" என்றார். நான் அவர் பேச்சைக் கேட்டேன். மற்ற விஷயங்களில் அவர் பேச்சை நான் அவ்வளவாகக் கேட்டதில்லை. இதில் கேட்டதற்குக் காரணம் பணிவு இல்லை, அது எனக்கு வசதியாக இருந்தது.

அடுத்த மழைக்கு ஜீப் மறுபடி மேட்டில் தட்டி நின்றது. யாரும் ஒன்றும் சொல்லாமல் இறங்கித் தள்ளினார்கள். அந்த அம்மாள் மட்டும் ரொம்ப நாள் வரவில்லை. பிறகு ஒரு சந்தை நாளில், சாமான் பையை இடது கையில் தூக்கிக்கொண்டு ஒண்டிக்கடைக்கு வந்தார். ஊருக்குத் திரும்ப வேண்டும். அன்று நானும் அங்கே இருந்தேன். அந்த அம்மாள் ஜீப்பைச் சுற்றி வந்து, நாலு சக்கரத்தையும் பார்த்து, என் வீட்டுக்காரர் முன்னால் வந்து நின்றார்.

"உன்ன நம்பி நான் ஏற மாட்டேன் தம்பி" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ முடுக்கு கண்ணு. நீ முடுக்குனாத்தான் ஏறுவேன்."

மற்ற டிரைவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் சீட்டுக்குப் பின்னாலிருந்து ஸ்பேனரை எடுத்து, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

வளையம் போய்விட்டதால் இடது பக்கத்துக்கு மறுபடி எதிர்மரைதான். கைப்பிடியை இடப்பக்கம் நீட்டி, அன்று மிதித்த அதே காலால் ஒவ்வொன்றாக மிதித்தேன். எதுவும் அசையவில்லை. சரியாக இருந்தது.

"ஏறட்டுமா கண்ணு?"

"ஏறுங்க."

தூக்கிவிடச் சொல்லி அந்த வலது கையையே என்னிடம் நீட்டினார். நான் பிடித்தேன். அவர் விரல்கள் என் கையைப் பிடிக்கவில்லை.