கையில் நிற்காத தீர்த்தம்

சிக்குன்குனியா வந்து போனது. போனது காய்ச்சல் மட்டும்தான். விரல்கள் மடங்க மாட்டேன் என்று விறைத்துக்கொண்டன. ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் எனக்கு ஸ்க்ரூ முடுக்குகிற வேலை. மடங்காத விரலை வைத்துக்கொண்டு டாட்டா காட்டலாம், ஸ்க்ரூ முடுக்க முடியாது. கை சரியானால் வா என்று அனுப்பிவிட்டார்கள்.

திருவள்ளூர் பக்கமிருந்து பிழைக்க வந்து, ஆந்திராவில் வரதய்யபாளையத்தில் குடியிருக்கிறோம். எனக்குத் தெரிந்த தெலுங்கெல்லாம் சூப்பர்வைசர் புண்ணியம். கை சற்றுத் தளர்ந்தால் "ஓபிக லேதா?" என்பார். தெம்பு இல்லையா என்று அர்த்தம்.

திருப்பதி டாக்டரின் வைத்தியம் ஒரு பக்கம் நடக்க, சனிக்கிழமைதோறும் நாராயணவனம் போனேன். அங்கே கல்யாண வெங்கடேசப் பெருமாள். சுற்றி நிற்பவர்களெல்லாம் வரன் கேட்டு வந்தவர்கள். எனக்குத்தான் அந்தக் கண்டம் கழிந்துவிட்டதே, என் வேலையைச் சீக்கிரம் முடித்துக் கொடுப்பார் என்று நம்பினேன். கம்பெனியில் எங்களுக்கு வைப்பதுபோல அவருக்கும் டார்கெட் வைத்தேன்: தீபாவளிக்குள் கை மடங்க வேண்டும்.

தீபாவளி போனது. உள்ளங்கையைக் குழிக்க முடியாமல், ஊற்றிய தீர்த்தமெல்லாம் முழங்கை வழியே ஓடி ஜாக்கெட்டை நனைத்தது. அர்ச்சகர் பார்த்துவிட்டு, "ஓபிக பட்டம்மா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "தெம்பு இருந்தா இங்க எதுக்கு சாமி வரேன்? அதைத்தான கேட்டுக்கினு நிக்கிறேன்!"

பின்னால் வரிசையில் நின்ற, நகரி ஊர்க்கார அம்மா ஒருவர் சிரித்துவிட்டார். "அவரு பொறுமையா இருன்றாரும்மா. தெலுங்குல தெம்புக்கும் பொறுமைக்கும் அதே வார்த்தைதான்."

இரண்டு சாமானுக்கு ஒரே பையா என்று எரிச்சலாக வந்தது. வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னால், "ரெண்டுமே உன்கிட்ட இல்ல, எதுவா இருந்தா இன்னா?" என்றார். கை இப்படியே நின்றுவிடுமோ என்று எனக்கு உண்மையிலேயே பயம். குளிக்கப் போன இடத்தில் நன்றாக அழுதேன்.

அழுது முடித்ததும் டார்கெட்டை எடுத்துவிட்டேன். உனக்கு எப்போது தோன்றுகிறதோ கொடு, நான் வந்துகொண்டிருப்பேன் என்று மட்டும் சொன்னேன். பெருமாளுக்கு அது பெரிய நிம்மதியாக இருந்திருக்கும். எனக்கும் தூக்கம் வந்தது. டாக்டர் சொன்ன பயிற்சியை அவரைத் திட்டாமல் செய்ய ஆரம்பித்தேன்.

மாசியில் ஒரு சனிக்கிழமை வழக்கம்போல் கையை நீட்டினேன். ஜாக்கெட் நனையவில்லை. தீர்த்தம் உள்ளங்கையிலேயே நின்றது. சிந்தாமல் வாயில் விட்டுக்கொண்டேன்.

"ஓபிக ஒச்சிந்தா அம்மா?" வந்துவிட்டதா என்று கேட்டார் அர்ச்சகர்.

எது என்று நான் கேட்கவில்லை. வாயில் தீர்த்தம் இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.