கதிர்வீச்சுக்கு முன் ஒரு விருந்து

கதிர்வீச்சு தொடங்கினால் நாக்கில் ருசி போய்விடும், திரும்பி வருமென்று உறுதியில்லை என்று புற்றுநோய் மருத்துவர் என் கணவரிடம் சொன்னார். சிட்னியில் நாங்கள் குடியிருக்கும் வென்ட்வேர்த்வில்லுக்கு ரயிலில் திரும்பும்போது அவர் மெதுவாகக் கேட்டார்.

"கன நாளாச் சொல்லிக்கொண்டிருந்தமே, அந்தக் கொரியன் ரெஸ்ரோரண்டுக்கு ஒருக்காப் போவமா?"

"ஓம், போவம்" என்றேன்.

ஒவ்வொரு தட்டாகக் கொண்டுவந்து வைத்து, அது இன்னதென்று விளக்கிச் சொல்லும் பெரிய உணவகம் அது. புளிக்கவைத்த முள்ளங்கி, கரியில் வாட்டிய மீன், எள்ளெண்ணெய் மணக்கும் சோறு என்று எல்லாம் ஒரு வாய்க்குக் காணும் அளவில் வந்தன. அவர் கண்ணை மூடி, நெடுநேரம் மென்றார். எனக்கோ எதுவும் இறங்கவில்லை.

"நீர் ஏன் சாப்பிடேல்ல?"

"பசிக்கேல்ல."

"சாப்பிடும். ரெண்டு பேரும் ருசிச்சுச் சாப்பிடுற கடைசிச் சாப்பாடா இருந்தாலும் இருக்கும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட்டேன். பரிமாறிய பெண் காரம் அதிகமோ என்று கேட்டு, தண்ணீர் ஊற்றினாள்.

கதிர்வீச்சு முடிந்து, நோய் குணமாகிவிட்டது. ருசி மட்டும் வரவேயில்லை. சொதியில் உப்புக் குறைந்தால் முன்பெல்லாம் சண்டை பிடிக்கிறவர், இப்போது எதைப் போட்டாலும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போகிறார்.