நீராவி அக்கா பாடிய நான்கு நிமிடம் ஆறு விநாடி

1985, முழு ஆண்டு: அசல் 3.
1986, முழு ஆண்டு: அசல் 1.
1987 மே 2: அசல் 0, அக்கா 14.
மே 9: அசல் 2, அக்கா 61.
மே 16: அசல் 5, அக்கா 138.
மே 23: அசல் 9, அக்கா 203.
மே 30: அசல் 19, அக்கா 241.

இவை ஒரே பாட்டைக் கேட்டு எங்கள் வானொலி நிலையத்துக்கு வந்த தபால் அட்டைகளின் எண்ணிக்கை. 1987இல் ஒவ்வொரு சனிக்கிழமையும் எண்ணிப் பதிவேட்டில் எழுதியது. ‘அசல்’ என்பது புகழ்பெற்ற பாடகி ஒருவர் ஒரு படத்துக்காகப் பாடி வெளிவந்தது. ‘அக்கா’ என்பது பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் அதே பாட்டைத் திரும்பப் பாடியது. அந்த ஆஸ்பத்திரியில் அவரை நீராவி அக்கா என்றால்தான் தெரியும்.

நிலையத்தின் இசைத்தட்டு அறை முப்பத்தாறு ஆண்டு என் பொறுப்பில் இருந்தது. ஒருவர் பாடியதை இன்னொருவர் திரும்பப் பாடிய பதிவுகள் 212 அங்கே சேர்ந்தன. பெரும்பாலானவை அசலைத் தேட வைக்கும். சில, அசலுக்குப் பக்கத்தில் உட்காரும். அசலைத் தாண்டியவை என்று நான் குறித்தவை ஏழு. அதில் மூன்றாவது இது.

அக்காவுக்கு அப்போது வயது நாற்பத்திரண்டு. கணவர் பஸ் கண்டக்டர். இரண்டு பெண்கள், பெரியவள் டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தாள். சலவைக்கூடம் ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்தது. வார்டுகளிலிருந்து கேன்வாஸ் பைகளில் விரிப்புகள் வரும். கறை பார்த்துப் பிரிப்பார்கள், பெரிய உருளைகளில் துவைப்பார்கள், பிறகு நீராவி இஸ்திரி. அந்த இயந்திரத்தின் முன்னால்தான் அக்கா பதினேழு ஆண்டாக நின்றார். எதிரே நீளமான மேசை. அதில் மடிக்கிற அம்மாள் அக்காவைவிட எட்டு வயது மூத்தவர், நாக்கு மட்டும் இருபது வயது இளையது.

மடிக்கிற அம்மாளின் டேப் ரிக்கார்டர் இஸ்திரி இயந்திரத்துக்கு மேலே இருந்த அலமாரியில் இருந்தது. கூடத்தில் பிளக் பாயிண்ட் அங்கே ஒன்றுதான். கீழேயிருந்து ஓயாமல் சூடு ஏறியதில் ரிக்கார்டரின் உள்ளேயிருந்த ரப்பர் பெல்ட் தளர்ந்துவிட்டது. எந்தப் பாட்டும் மெதுவாக, தாழ்ந்த குரலில் ஓடும். எல்லோருக்கும் தெரிந்த பாட்டு என்றால் சிரிப்பார்கள். “இன்னிக்கு ஹீரோவுக்குக் காய்ச்சல்” என்பார் மடிக்கிற அம்மாள். தெரியாத பாட்டு என்றால் எது சரியான வேகம் என்று யாருக்குத் தெரியும்?

அந்தப் படம் ஒன்பது நாள் ஓடியது. பாட்டைக் கேட்டு வானொலிக்கும் நாலு பேருக்கு மேல் எழுதவில்லை. மேலே உள்ள கணக்கே சாட்சி. படத்தில் அது ரயில் நிலையத்தில் நடக்கும் கூட்டமும் கூத்துமான காட்சி. மூன்று நிமிடம் பத்து விநாடி, முழுக்க மேளம். நடுவில் ஒரு வரி, ‘வண்டி போன பின்னும் தண்டவாளம் அதிரும்’ என்று. மேளத்தின் அதிர்வில் அந்த வரி அங்கே கேட்கவே கேட்காது.

சலவைக்கூடத்தில், மடிக்கிற அம்மாளின் கேசட் ஒன்றில், கேட்டது. அக்காவுக்குக் குரல் கனம். பள்ளியில் காலை வணக்கப் பாட்டின்போது டீச்சர் அவரைக் கடைசி வரிசைக்கு அனுப்பி, “நீ வாயை மட்டும் அசை, போதும்” என்றாராம். அதன்பின் அவர் பாட முயன்ற சினிமாப் பாட்டெல்லாம் தலைக்கு மேலே போயின. தளர்ந்த பெல்ட் அந்தப் பெரிய பாடகியின் குரலை அப்படியே இறக்கிக் கொண்டுவந்து அக்காவின் தொண்டைக்கு எதிரே வைத்தது. தனக்கென்று தைத்த சட்டை போல இருந்தது என்று பின்னாளில் என்னிடம் சொன்னார். இரண்டு வருடம் விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டே அதைப் பாடினார்.

‘நேயர் குரல்’ நிகழ்ச்சிக்கு விண்ணப்பித்தது அவரல்ல. மடிக்கிற அம்மாள் தானே படிவத்தை நிரப்பி, அக்கா பெயரில் கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டார்.

ஒலிப்பதிவு ஏப்ரல் 23, வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு. ஆர்மோனியக்காரரும் தபலாக்காரரும் அசலைக் கேட்டுத் தயாராக இருந்தார்கள். தபலா துள்ளி ஆரம்பித்ததும் அக்கா வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் முறையும் அப்படியே.

“என்னம்மா, பயமா?” என்றார் ஒலிப்பதிவாளர்.

“இல்ல சார். அண்ணன் தப்பா வாசிக்கிறாரு.”

தபலாக்காரர் முப்பது வருட அனுபவம் உள்ளவர். “தப்பா? நானா?”

“கோவிச்சுக்காதீங்கண்ணே. பஸ்ஸைப் பிடிக்க ஓடற மாதிரி இருக்கு. இது பஸ் போன பிறகு பாடற பாட்டு.”

ஆர்மோனியக்காரர் சிரித்துவிட்டார். ஒலிப்பதிவாளர் என்னை அழைத்து அசல் இசைத்தட்டை எடுத்து வரச் சொன்னார். போட்டோம். அக்கா முதல் சரணம் வரை கேட்டார். முகம் சுருங்கிவிட்டது.

“இது வேற பாட்டு சார்.”

“இதேதாம்மா. நீங்க எதுல கேட்டீங்க?”

ரிக்கார்டரின் கதையைச் சொன்னார். ஒலிப்பதிவாளர் விடவில்லை. “மெஷின் இழுக்குதுன்னு தெரியும், இந்தப் பாட்டும் இழுத்திருக்கும்னு தோணலையா?”

“மத்த பாட்டையெல்லாம் வெளியில கேட்டிருக்கேன். இதை அங்க மட்டும்தான் கேட்டேன். இது இழுத்த மாதிரியே இல்ல சார். சரியா இருந்த மாதிரி இருந்துச்சு.” பையை எடுத்துக்கொண்டார். “நான் வரேன். உங்க நேரத்தை வீணடிச்சுட்டேன்.”

கதவருகே மடிக்கிற அம்மாள் குறுக்கே நின்றார். “அரை நாள் சம்பளம் போச்சு. பாடாம வெளிய வந்தே, உன்னையும் நாலா மடிச்சு பைல வெச்சுடுவேன்.”

ஒலிப்பதிவாளர், “உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரியே பாடுங்க. அவங்க பின்னாலேயே வருவாங்க” என்றார்.

அக்கா பாடினார். தபலாக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, இடது கையால் மட்டும், அடிக்கு ஒரு தட்டாக வாசித்தார். அந்த வரி வந்தபோது அக்கா ‘வண்டி போன பின்னும்’ என்று சொல்லி நிறுத்தினார். ஒரு மூச்சு. பிறகுதான் தண்டவாளம் அதிர்ந்தது. இரண்டாவது சரணத்தின் தொடக்கத்தில் சற்றுத் தடுமாறினார். நேரம் நான்கு நிமிடம் ஆறு விநாடி.

ஏப்ரல் 26 ஞாயிறு பிற்பகல் ஒலிபரப்பானது. நேயர்கள் கேட்டதால் மே 10, மே 24 இரண்டு நாட்களும் மறுபடி. அட்டைகளில் ‘அந்த மெதுவான பாட்டு’ என்று எழுதியிருந்தவை 312. ஒருவர், ‘என் கணவர் என்னோடு சேர்ந்து முழுதாகக் கேட்ட முதல் பாட்டு’ என்று எழுதினார். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அசலைக் கேட்டு வந்த அட்டைகளும் ஏறின. இரண்டு ஆண்டில் நாலு, ஒரு மாதத்தில் முப்பத்தைந்து. நல்ல மறுபாடல் அசலைக் கொல்வதில்லை. தூங்கிக்கொண்டிருந்ததை எழுப்பிவிடுகிறது.

ஜூன் 2 அன்று இசையமைப்பாளரின் முதல் கடிதம் வந்தது. தன் பாட்டைத் தன் அனுமதியில்லாமல் உருக்குலைத்து ஒலிபரப்பியிருக்கிறார்கள், உடனே அழிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அவருக்கு அந்த உரிமை உண்டு. அந்தக் காலத்தில் ஒலிநாடாவை அழித்து வேறு நிகழ்ச்சிக்குப் பயன்படுத்துவதும் வழக்கம்தான். நிலைய இயக்குநர் உத்தரவு போட்டார். ஜூன் 30க்குள் இசையமைப்பாளரின் எழுத்துமூலமான சம்மதம் வந்தால் ஒழிய நாடா அழிக்கப்படும், பாடியவரை இனி எந்த நிகழ்ச்சிக்கும் அழைக்கக் கூடாது. வேறு பிரதி எடுக்கவும் அனுமதி இல்லை. உலகத்தில் இருந்தது அந்த ஒரு நாடாதான்.

அக்கா விடுமுறை நாளில் நிலையத்துக்கு வந்தார். கூடவே கணவர், சீருடையோடு.

“அழிச்சா அழிக்கட்டும்” என்றார் அக்கா. குரல் அப்படிச் சொல்லவில்லை. “இனிமே கூப்பிடவே மாட்டீங்களா சார்? எனக்கு அதை இன்னொரு தடவை பாடணும். ரெண்டாவது சரணம் சரியா வரல. இப்ப வரும்.”

“வீட்ல பாடேன், யார் வேணாம்னா?” என்றார் கணவர்.

“வீட்ல பாடினா நீங்க காதுல வாங்காம டிக்கெட் கணக்குப் பாக்கறீங்க.”

“சரி, அப்ப அந்தப் பெரியவருக்கே எழுது. நிறுத்தம் வந்ததும் கயித்தைப் பிடிச்சு இழுக்கணும். உட்கார்ந்த இடத்துலயே யோசிச்சுட்டு இருந்தா வண்டி நிக்குமா?”

அக்கா எழுதியது என்னவென்று எனக்கு ஜூன் 18 அன்றுதான் தெரிந்தது. அன்று பிற்பகல் இசையமைப்பாளர் சொல்லாமல் கொள்ளாமல் நிலையத்துக்கு வந்தார். எழுபது வயது, கையில் தடி. இயக்குநர் நாற்காலி இழுத்துப் போட்டுக் காப்பிக்கு ஆள் அனுப்பினார். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து எங்கள் முன்னால் வாசித்தார்.

“ஐயா, உங்க பாட்டைக் கெடுக்கணும்னு நான் பாடல. அந்த வேகத்துலதான் அது எனக்குக் கிடைச்சது. அழிக்கச் சொல்றது உங்க உரிமை. ஆனா ஒரு தடவை கேட்டுட்டு அழிக்கச் சொல்லுங்க. ரெண்டாவது சரணத்துல தடுமாறியிருக்கேன், அதை மட்டும் வெச்சு எடை போட்டுடாதீங்க.”

தாளைத் திருப்பிக் காட்டினார். சலவைச் சீட்டு. “பின்பக்கம், தலையணை உறை நூத்து நாற்பது, விரிப்பு தொண்ணூறு, ரெண்டு கிழிசல்னு இருக்கு. எனக்கு வந்த கடிதத்துலயே உண்மை மட்டும் எழுதினது இதுதான்.”

“சார், நீங்க இன்னும் அந்தப் பதிவைக் கேட்கவே இல்லையா?” என்று இயக்குநர் தயங்கிக் கேட்டார்.

“இல்ல. மச்சினன் வந்து, உங்க பாட்டை ஒப்பாரி ஆக்கிட்டாங்கன்னான். கோபத்துல எழுதிட்டேன். அவன் பேச்சைக் கேட்டு நான் செஞ்ச எதுவும் இதுவரைக்கும் உருப்பட்டதில்ல. போடுங்க.”

நாடாவைப் போட்டோம். கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் அசல் இசைத்தட்டைக் கேட்டார். பிறகு ஒலிப்பதிவாளரிடம், “என் தட்டை அந்த அம்மாவோட வேகத்துக்கு இறக்க முடியுமா?” என்றார்.

இறக்கினார். தூக்கக் கலக்கத்தில் ஒருவர் பேசுவது போல அது இழுத்தது. மேளம் தொப்புத் தொப்பென்று விழுந்தது. பாதியிலேயே கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

“மெதுவாக்கினதால வந்ததில்ல இது” என்றார். “மெஷின் இடத்தை மட்டும்தான் காலி பண்ணிக் கொடுத்திருக்கு. அந்த அம்மா அதுல குடியேறியிருக்கு.” மறுபடி அக்காவின் நாடாவைப் போடச் சொல்லி, அவர் எங்கெங்கே மூச்சு விடுகிறார் என்று தடியில் விரல் தட்டி எண்ணினார். பதினொன்று. என் கணக்கிலும் பதினொன்று.

“அவங்க இங்க இல்லையா?”

“வேலை நேரம் சார்.”

“நல்லது. எதிர்ல இருந்தா மரியாதைக்கு ஏதாவது சொல்லித் தொலைச்சிருப்பேன். யோசிச்சு எழுதறேன்.” காப்பியைக் குடிக்காமலேயே போய்விட்டார்.

மறுநாள் மதிய இடைவேளையில் அக்கா ஓடி வந்தார். மடிக்கிற அம்மாளும் கூட.

“பிடிச்சுதா பிடிக்கலையா சார்?”

“நல்லாத்தான் பேசினார். சம்மதம்னு மட்டும் சொல்லல. எழுதறேன்னுட்டுப் போயிட்டார்” என்றார் ஒலிப்பதிவாளர்.

“பெரிய மனுஷங்க மனசு மடிச்ச விரிப்பு மாதிரி” என்றார் மடிக்கிற அம்மாள். “கறை எந்த மடிப்புல இருக்குன்னு பிரிச்சாத்தான் தெரியும்.”

அடுத்த ஏழு நாளில், ஞாயிறு நீங்கலாக, தபால் பன்னிரண்டு முறை வந்தது. நேயர் அட்டைகள் தவிர அதில் ஒன்றுமில்லை. இயக்குநர் 30ஆம் தேதிக்கான அழிப்புப் பட்டியலைத் தட்டச்சு செய்யச் சொல்லிவிட்டார். பட்டியலில் அக்காவின் நாடா நான்காவது. இயக்குநர் கெட்டவர் அல்ல. விதியை மீறினால் அடுத்து வரும் எல்லாப் புகாருக்கும் தானே பதில் சொல்ல வேண்டுமென்று பயந்தவர்.

இசையமைப்பாளரின் கடைசிக் கடிதத்தை அவரே பிரித்து, படித்து, எழுந்து என் அறைக்கு நடந்து வந்தார். இருபது ஆண்டில் அவர் இசைத்தட்டு அறைக்கு வந்தது அன்றுதான். பட்டியலில் நான்காவது வரியைத் தன் பேனாவாலேயே அடித்தார். கடிதத்தை நான் அப்படியே பதிவேட்டில் எழுதிக்கொண்டேன்:

‘என் முதல் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன். பாட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் ஒலிபரப்பலாம். ஒரே ஒரு நிபந்தனை. அந்த அம்மாவை மறுபடி அழைத்து, மறுபடி பதிவு செய்ய வேண்டும். முதல் பதிவில் வாத்தியக்காரர்கள் அவர் பின்னால் தேடிக்கொண்டு போகிறார்கள். இம்முறை ஆர்மோனியம் நான் வாசிக்கிறேன். வேகத்தை அவரே சொல்லட்டும். அறிவிப்பில் அசல் பாடகியின் பெயரும் அவர் பெயரும் இரண்டும் வர வேண்டும். அசல் பாடகிக்கு நான் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். இப்படிப் பாடக்கூடிய பாட்டையா தனக்கு மேளத்தில் மூழ்கடித்துக் கொடுத்தேன் என்று என்னைத் திட்டினார். நியாயம்தான்.’

சலவைக்கூடத்தின் தொலைபேசி ஸ்டோர் அறையில் இருந்தது. அக்காவை அழைத்து வர ஆறு நிமிடம் ஆயிற்று. ஒலிப்பதிவாளர் கடிதத்தை முழுதும் வாசித்துக் காட்டினார். பிறகு அக்கா, “ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி எனக்குக் கொஞ்சம் இடம் விடச் சொல்லுங்க சார்” என்றார். பின்னாலிருந்து மடிக்கிற அம்மாள், “மறுபடியும் அரை நாள் சம்பளம் போச்சு” என்று கத்தியது எங்கள் பக்கம் எல்லோருக்கும் கேட்டது.

மறுபதிவு ஜூலை 9 வியாழக்கிழமை நடந்தது. நான்கு நிமிடம் இருபத்திரண்டு விநாடி, மூச்சு பன்னிரண்டு. அதன்பின் பத்தொன்பது ஆண்டுகளில் அக்கா எங்கள் நிலையத்தில் எண்பத்தாறு முறை பாடினார். இஸ்திரி வேலையையும் ஓய்வு பெறும்வரை விடவில்லை. இரண்டு பதிவுகளும் பத்திரமாக இருக்கின்றன. முதல் நாடாவின் உறையில், சம்மதக் கடிதம் வந்து சேர்ந்த தேதியைச் சிவப்பு மையில் எழுதி வைத்தேன்: 1987 ஜூன் 27, சனிக்கிழமை.